செல்ஃப் அரைக்கிறது

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய மோட்டார் சைக்கிளைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர், பழுது இன்னதென்று சொல்வதோடு நில்லாமல், அதற்குரிய பரிகாரத்தையும் வரும் வழியிலேயே தீர்மானித்துவிடுகிறார்கள். “செல்ஃப் போட்டா கர்ருனு அரைக்குதுண்ணே, மோட்டார் போயிடுச்சு, புதுசு ஒண்ணு போட்டுடுங்க” என்பது மேற்குத் தாம்பரத்தில் என் பட்டறை வாசலில் வருஷக் கணக்காக நான் கேட்டுவரும் வாக்கியம். சப்தம் எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கேதான் குற்றமும் இருக்க வேண்டும் என்று மனிதர்கள் நினைப்பது இயற்கை. ஆனால் நாற்பது வருஷங்களுக்கு மேலாக இந்த யந்திரங்களைத் திறந்து பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம், கூச்சலிடுகிற பாகம் அநேகமாக அடிபட்ட பாகம் என்பதும், அடித்த பாகம் வேறெங்கோ சப்தமின்றி உட்கார்ந்திருக்கிறது என்பதுமே. அடிபட்டதை எடுத்தெறிந்துவிட்டு அந்த ஸ்தானத்தில் புதியதொன்றை வைத்து மூடினால், சில மாதங்களில் அந்தப் புதியதும் அடிபட்டு, வண்டி அதே கரகரப்போடு திரும்பி வரும்.

இந்தப் பாடத்தை நான் கற்றது செல்ஃப் மோட்டாரே இல்லாத காலத்தில். 1980-களின் ஆரம்பத்தில், சென்னைப் புதுப்பேட்டையை ஒட்டிய ஒரு சந்தில், பெரியவர் ஒருவரின் பட்டறையில் நட்டு போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவும் பையனாகச் சேர்ந்தேன். அந்நாளில் பட்டன் அமுக்கி வண்டியைக் கிளப்புவதென்பது கார் வைத்திருப்பவர்களுக்கே உரிய சௌகரியம். எங்களிடம் வந்தவை திருவொற்றியூரில் தயாரான புல்லட்டும், மைசூரிலிருந்து வந்த யெஸ்டியும், ராஜ்தூத்தும், லாம்பியுமே. யெஸ்டியில் கியர் போடும் லீவரே மேலே திரும்பிக் கிக்கராகவும் நிற்கும். அதைப் பார்த்து அதிசயிக்காத பையன் கிடையாது. புல்லட்டைக் கிளப்புவது தனி வித்தை. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்து, ஹெட்லைட்டுக்கு மேலுள்ள ஆம்ப் மீட்டரின் முள் நடுவுக்கு வந்து நிற்கும் இடத்தைக் கண்டு, டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்தபடி பிஸ்டனை உச்சியிலிருந்து சிறிதே தாண்டவிட்டு, பிறகு லீவரை விட்டுவிட்டு, உடம்பின் முழுப் பாரத்தையும் ஒரே மிதியில் இறக்க வேண்டும். இதில் நிதானம் தவறியவர்களையும், டைமிங் முன்னால் போய்விட்ட வண்டியை மிதித்தவர்களையும் கிக்கர் திருப்பி உதைத்துவிடும். கணுக்கால் வீங்கி, நொண்டிக்கொண்டே வண்டியைத் தள்ளி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படி உதைத்த வண்டிகளில் கிக்கர் ராட்சட்டின் பற்கள் முனை மழுங்கியோ உடைந்தோ இருக்கும். வண்டிக்காரர் ராட்சட்டை மாற்றச் சொல்வார். பெரியவரோ ராட்சட்டைத் தொடுவதற்கு முன்னால், பிளக் பொறி விடும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்டின் மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜை எடுத்து இடைவெளியையும், பிறகு டைமிங்கையும் பார்ப்பார். ஒருமுறை அவசரக்காரர் ஒருவர், “பாயிண்டை யார் கேட்டா நயினா, பல்லை மாத்திக் குடு” என்றபோது, “பல்லை உடைச்சது யாருன்னு பாக்காம புதுப்பல் போட்டா, அதையும் அது உடைக்கும் தம்பி” என்று சொல்லிவிட்டுத் தம் காரியத்தில் முனைந்தார். பாயிண்டும் இல்லாத, ஆம்ப் மீட்டரும் இல்லாத இன்றைய வண்டிகளின் முன் உட்காரும்போதும் அந்த வார்த்தையைத்தான் அனுசரித்து வருகிறேன்.

பட்டனை அமுக்கி மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் ஆசை உலகத்தில் மிகப் பழமையானது. 1914-லேயே அமெரிக்காவின் இண்டியன் கம்பெனி, ஹெண்டி ஸ்பெஷல் என்ற பெயரில் மின்சார ஸ்டார்ட்டர் வைத்த மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்து, அக்காலத்துப் பேட்டரிகளுக்கு அந்தப் பாரத்தைத் தாங்கும் சக்தி இல்லாததால் அதைக் கைவிட்டது. அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், 1965-ல் ஹார்லியின் எலக்ட்ரா கிளைடும், 1969-ல் ஹோண்டாவின் சிபி 750-யும் பெரிய வண்டிகளில் இந்த வசதியை நிலைநிறுத்தின. முதல் முயற்சி தோற்றதற்குப் பேட்டரிதான் காரணம் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் கதையும் அதுதான்.

நம் தெருக்களில் அந்தப் பட்டனைப் பிரபலப்படுத்தியது 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டா. கிக்கரை மிதிக்கச் சிரமப்பட்ட பெண்களும் வயதானவர்களும் அதை ஆவலோடு வாங்கினார்கள். ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டும் வாலிபர்கள், மிதித்துக் கிளப்புவதையே ஒரு கௌரவமாகக் கருதிய காலம் அது. 2001-ல் பல்சர் 180 செல்ஃபோடு வந்த பிறகுதான் அந்த மனோபாவம் மாறியது. அடுத்த சில வருஷங்களில் கம்பெனிகள் எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு செல்ஃப் வைத்த வண்டிகளை இறக்கின. அந்த வண்டிகள் ஐந்தாறு வயதைத் தாண்டத் தொடங்கிய சமயத்தில், எங்கள் பட்டறைகளில் அதுவரை கேட்டிராத ஒரு புதிய கரகரப்பு கேட்கத் தொடங்கியது.

இதன் அமைப்பைச் சைக்கிளின் ஃப்ரீவீலை அறிந்தவர் எவரும் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். மிதித்தால் ஃப்ரீவீல் சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றுகிறது. மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தன்பாட்டுக்கு ஓட, பெடல் நின்றுவிடுகிறது. அதேபோல, செல்ஃப் மோட்டார் சுழலும்போது நடுவிலுள்ள ஐட்லர் பல்சக்கரத்தின் வழியாக, கிராங்கோடு சுழன்று கரண்ட் உண்டாக்கும் மேக்னட்டுக்குப் பின்னாலிருக்கும் பெரிய பல்சக்கரத்தைத் திருப்புகிறது. அந்தப் பல்சக்கரத்தின் கழுத்தைச் சுற்றி, ஒன்வே என்று நாங்கள் சொல்லும் கூட்டுக்குள், சாய்வாகக் குறுகிச் செல்லும் பள்ளங்களில் மூன்று சிறிய ரோலர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருக்கின்றன. மோட்டார் திருப்பும்போது ரோலர்கள் குறுகிய பக்கமாக நெருங்கி இறுகிப் பிடித்துக்கொள்ள, மேக்னட்டும் அதோடு கிராங்கும் சுழல்கின்றன. இன்ஜின் கிளம்பி மேக்னட் வேகமெடுத்தவுடன் ரோலர்கள் அகன்ற பக்கத்துக்கு உருண்டு பிடியை விட்டுவிடுகின்றன. காலையில் கடைக்குப் போகும்போது ஒரு தரம், சிக்னலில் ஒரு தரம், பெட்ரோல் பங்கில் ஒரு தரம் என்று, விரல் நுனியளவுள்ள இந்த மூன்று உருளைகளே அத்தனை பாரத்தையும் தாங்கிப் பிடித்து, தக்க தருணத்தில் விடவும் செய்கின்றன. பிடிப்பதில் ஒரு சிறு வழுக்கல் ஏற்பட்டாலும் இரும்பு இரும்பின்மேல் உரசுகிறது. கரகரப்பு அங்கே பிறக்கிறது.

எந்த வண்டி வந்தாலும் நான் முதலில் ஸ்பானரை எடுப்பதில்லை. வண்டிக்காரரையே பட்டனை அமுக்கச் சொல்லிவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மூடிமேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பேன். டக் டக் என்று சீட்டுக்கு அடியிலிருந்து மட்டும் வந்தால் அது ரிலேயின் சப்தம். பேட்டரியில் சக்தி இல்லை என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். மோட்டார் வீ என்று வேகமாகச் சுற்றி, இன்ஜின் அசையாமலிருந்தால் ரோலர்கள் பிடிக்கவில்லை. சுற்றிக்கொண்டிருக்கும்போதே நடுநடுவே கடக்கென்று ஓர் அடி விழுந்தால் ஐட்லரில் பல் போயிருக்கலாம். இன்ஜின் கிளம்பி, பட்டனை விட்ட பிறகும் சிறிது நேரம் உரசல் கேட்டால் ரோலர்கள் பிடியை விட மறுக்கின்றன என்று பொருள். இந்தச் சப்தங்களுக்கிடையிலுள்ள வித்தியாசத்தைச் சொல்ல எழுத்து போதாது. பையன்களுக்கு நான் வாயால் சொல்வதைவிட அந்த ஸ்க்ரூ டிரைவரையே அவர்கள் காதில் வைத்துவிடுகிறேன்.

மண்ணிவாக்கத்திலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியரின் வண்டியை உதாரணமாகச் சொல்லலாம். நன்கு துடைத்துப் பராமரித்த வண்டி. வேறொரு பட்டறையில் செல்ஃப் மோட்டாரை மாற்றியிருந்தார்கள்; அரைப்பது நிற்கவில்லை. அதன்பின் ரிலேயை மாற்றினார்கள், அப்போதும் நிற்கவில்லை. கையிலிருந்த பணமும் பொறுமையும் தீர்ந்த நிலையில் என்னிடம் வந்தவர், “இதுக்கு மேல செலவு பண்ண முடியாது, செல்ஃபைக் கழட்டிட்டு அந்த ஓட்டையை மூடிடுங்க, நான் உதைச்சே ஓட்டிக்கறேன்” என்றார். அப்படி மூடிவிட்டு ஓடுகிற வண்டிகள் ஊரில் ஏராளம். பழைய வண்டி விற்கும் கடைகளில் “செல்ஃப் மட்டும் வேலை செய்யாது” என்ற வார்த்தையை விலை பேசும்போது எத்தனை தரம் கேட்கிறோம்! நான், “சார், மூடறதுன்னா எப்ப வேணா மூடிக்கலாம். இன்னிக்கு ஒரு நாள் வண்டியை விடுங்க; உள்ளே என்ன இருக்குன்னு உங்க கண்ணாலேயே பாருங்க” என்றேன். விடுமுறை நாளாகையால் அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வண்டியை வலப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து நிறுத்தினால் ஆயிலை இறக்காமலே இடப்பக்கத்து மூடியைத் திறக்கலாம். மூடியின் உட்புறத்தில் காயில் பிளேட் இருப்பதால், மேக்னட்டின் காந்தம் மூடியை விடாமல் இழுக்கும். நெம்பினால் பேக்கிங் உட்காரும் தளம் வடுப்படும் என்பதால், இரு கையாலும் நேராக இழுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கென்றுள்ள புல்லரைப் போட்டு மேக்னட்டைக் கழற்றிப் பின்புறத்தைத் திருப்பியதும் விஷயம் விளங்கிவிட்டது. ஒன்வே கூட்டை மேக்னட்டோடு பிணைக்கும் மூன்று ஸ்க்ரூக்களில் இரண்டு கையால் திருகுமளவுக்குத் தளர்ந்திருந்தன. மூன்றாவதன் தலை அறுந்து போயிருந்தது. கூடு ஆடியதால் பல்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பக்கத்திலிருந்த சுவரில் அரைவட்டமாக ஒரு கோடு கிழித்திருந்தது. ரோலர்கள் மூன்றும் நல்ல நிலையிலிருந்தன. மோட்டாருக்கும் இதற்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை.

எப்போதோ ஒருமுறை எவரோ அதைத் திறந்து, மறுபடி பூட்டும்போது ஸ்க்ரூவுக்கு லாக்டைட் போடாமல் விட்டிருக்கிறார்கள். இன்ஜின் ஒவ்வொரு தரம் கிளம்பும்போதும் அந்த ஸ்க்ரூக்கள் ஓர் உலுக்கலை வாங்குகின்றன. பசையில்லாமல் வெறும் முறுக்கை மட்டும் நம்பிய ஸ்க்ரூ என்றேனும் ஒருநாள் தளர்ந்தே தீரும். பழைய பசைத் துணுக்குகளைச் சுரண்டி, மரையில் எண்ணெய்ப் பிசுக்குத் துளியும் இல்லாமல் பெட்ரோலால் கழுவி உலர்த்தி, புது ஸ்க்ரூவுக்கு லாக்டைட் இட்டு முறுக்கி, தலையின் ஓரத்தில் பஞ்ச் வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டால் அந்த இடத்தை மறந்துவிடலாம். பூட்டுவதற்கு முன்னால், பல்சக்கரத்தைக் கூட்டில் செருகிக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும்: ஒரு பக்கம் தடையின்றிச் சுற்ற வேண்டும், மறுபக்கம் மயிரிழைகூட நகராமல் இறுக வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஆசிரியரையே திருப்பிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு ஸ்பேர் பார்ட் வாங்கிய பணத்தை நினைத்து அவர் வருந்தியதைவிட, இவ்வளவு எளிய விஷயத்தை ஒருவரும் தமக்குக் காட்டவில்லையே என்பதுதான் அவர் மனத்தை அதிகம் வருத்தியது.

ரோலர்களே தேய்ந்து வரும் வண்டிகளிலும் அவை ஏன் தேய்ந்தன என்று கேட்டாக வேண்டும். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்த ஓர் இளைஞர், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இறங்கி ஏறுகிறவர். அவர் வண்டியில் வேறிடத்தில் இரண்டு தடவை ரோலர் மாற்றியும் அரைப்பது நின்றபாடில்லை. திறந்து பார்த்தபோது ரோலர்களின் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. பல்சக்கரத்தின் கழுத்தில், நகத்தை ஓட்டினால் தடுக்கும்படியாகக் குழிகள் விழுந்திருந்தன. கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டிய இடம் அது. குழி விழுந்த கழுத்தோடு புது ரோலரைச் சேர்ப்பதால் பிரயோஜனம் இல்லை. ஆனால் அதை மாற்றுவதோடு நான் நிறுத்தவில்லை. பேட்டரியில் மீட்டரை வைத்தேன். நிறையச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டையொட்டிக் காட்ட வேண்டும். பட்டனை அமுக்கியபோதும் 10 வோல்ட்டுக்குக் கீழே விழாதிருப்பது நலம். இந்தப் பேட்டரி இரண்டிலும் தேறியது. ஆனால் மோட்டாரின் வாயிலேயே மீட்டரை வைத்து அமுக்கியபோது வோல்ட் சரிந்துவிட்டது. நடுவில் எங்கோ சக்தி தடைபடுகிறது.

எர்த் ஒயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால், அது இன்ஜினோடு சேரும் இடத்தில் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட்! வண்டி அழகாகத் தெரிய வேண்டுமென்று இன்ஜினுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள், எர்த் போல்ட்டின் அடியிலும் அடித்து அதன்மேலேயே ஒயரை முறுக்கியிருந்தார்கள். சக்தி குறைந்த மோட்டார் பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கிட்டக் கொண்டுபோய் அதைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். அமுக்கப்பட்ட காற்று பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். அந்த நேரத்தில் பிளக்கும் பொறி விட்டால் கிராங்க் தலைகீழாகச் சுழலப் பார்க்கும். பின்னோக்கி வரும் அந்த அடி முழுவதையும் மூன்று ரோலர்களே வாங்கியாக வேண்டும். புல்லட் காலத்தில் மனிதனின் கணுக்கால் வாங்கிய உதை இப்போது ஒன்வேக்குள் விழுகிறது. பெயிண்டைச் சுரண்டி உலோகத்தைத் தெரியவைத்து, புது முனை பூட்டி, வாசலின் தடவினேன். அதற்குப் பின் போட்ட ரோலர்கள், அவர் வேலை மாறி வேலூருக்குப் போகும்வரை மறுபடி மாற்றப்படவில்லை.

ஆயில் விஷயத்தை அதிகம் நீட்ட விரும்பவில்லை. வருஷத்துக்கு ஒரு தரம்கூட ஆயில் மாற்றாத வண்டியில், கறுத்துத் தடித்த பிசுக்கு ரோலர்களின் பள்ளத்தில் படிந்து ஸ்பிரிங்கின் அசைவைக் கெடுத்துவிடும். மார்கழிக் காலையில் மட்டும் அரைத்துவிட்டு மதியத்தில் சரியாகிவிடுகிற வண்டிகளில் இதை நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன். விலை சகாயம் என்று கார் ஆயிலை ஊற்றுகிறவர்கள் கிளட்சையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது ஒன்றும் பெரிய சிரமமில்லை.

2015 டிசம்பரை இந்தப் பகுதி மெக்கானிக்குகள் எவரும் மறக்க மாட்டார்கள். அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, வீட்டு வாசலில் நிறுத்திய வண்டிகள் கைப்பிடி வரை சேற்றுத் தண்ணீரில் நின்றன. வெள்ளம் வடிந்ததும் என் பட்டறை வாசலிலிருந்து தெருக்கோடி வரை வண்டிகள் வரிசையாக நின்றன. வீட்டையே இழந்த மனிதர்கள், வேலைக்குப் போக வண்டியாவது வேண்டுமே என்று கண் கலங்கக் கேட்டார்கள். அந்த நாட்களில் வருகிறவர்களிடமெல்லாம் நான் முதலில் சொன்னது, தயவுசெய்து செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள் என்பதே. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், காற்றைப்போல் அது அமுங்கிக் கொடுக்காது. பட்டனை அமுக்கினால் பிஸ்டன் தண்ணீரில் மோதி நிற்க, பின்னாலுள்ள ஒன்வேயும் ஐட்லரும் அந்த மோதலைத் தாங்க வேண்டும். கனெக்டிங் ராடே வளைவதும் உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரை மெல்ல அழுத்தித் தண்ணீரை வெளியேற்றி, பால்போல் வெளுத்த ஆயிலை வடித்து, புது ஆயில் விட்டு ஓட்டி அதையும் வடித்து, மறுபடி ஆயில் விட்டுத்தான் ஒவ்வொரு வண்டியையும் உயிர்ப்பித்தோம்.

அப்போது வெளியே மட்டும் கழுவி, கிளம்பிவிட்டது போதும் என்று ஓட்டிப் போனவர்கள், பொங்கல் கழிந்ததும் ஒவ்வொருவராகக் கரகரப்போடு வந்தார்கள். இந்தத் தடவை குற்றம் மெய்யாகவே மோட்டாரில் இருந்தது. உடலுக்குள் ஒட்டியிருக்கும் காந்தத் துண்டுகள் துருவால் பசை விட்டு உதிர்ந்து ஆர்மேச்சரில் உரசின. கார்பன் பிரஷ்கள் சேறு காய்ந்து தம் கூட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. ஆகவே மோட்டார் ஒருபோதும் குற்றவாளியாகாது என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். மோட்டாரை வெளியே எடுத்து, பேட்டரியிலிருந்து தனியாகக் கரண்ட் கொடுத்துச் சுழலவிட்டுக் கேட்டாலே அதன் சேதி தெரிந்துவிடும். இரண்டு போல்ட்டும் ஒரு ஒயரும் கழற்றும் வேலை. அதைச் செய்யாமலே புது மோட்டாருக்குப் பில் போடுவதைத்தான் நான் அதர்மம் என்கிறேன்.

ஸ்பேர் பார்ட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் கிடைக்காத சாமான் இல்லை. அசலும் கிடைக்கும், அசலின் பெட்டியில் வைத்த போலியும் கிடைக்கும். ரோலரைப் பார்த்து இது அசல், இது போலி என்று கண்ணால் சொல்ல முடியாது. பெரியவர் காட்டிக்கொடுத்த வழியொன்று எனக்கு இன்றைக்கும் கைகொடுக்கிறது: செட்டில் ஒரு ரோலரின் தலைப்பக்கத்தில் மெல்லிய அரத்தை வைத்து உரசினால், நன்றாகக் கடினப்படுத்திய இரும்பின்மேல் அரம் வழுக்கிக்கொண்டு போகும், மெத்தென்ற இரும்பாயிருந்தால் கடித்துத் தூள் கொட்டும். கடித்தால் அந்தச் செட்டை அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ரோலர், ஸ்பிரிங், தொப்பி மூன்றும் சேர்ந்த நல்ல செட் ஒன்று, புது மோட்டாரின் விலையில் சிறு பகுதிதான். அதனால்தானோ என்னவோ, அதை மாற்றும் வேலைக்குச் சில பட்டறைகளில் உற்சாகம் காணப்படுவதில்லை.

இப்போது நிலைமை வேகமாக மாறி வருகிறது. 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளின் ஹெட்லைட் பகலிலும் எரிந்தாக வேண்டும் என்று ஆனதிலிருந்து, பழைய வண்டிக்காரர்களும் பகலில் விளக்கெரியவிட்டு, அதற்கேற்பச் சார்ஜிங்கைச் சரிபார்க்காமல் பேட்டரியை வாட்டுவதைப் பார்க்கிறேன். 2020-ல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்ததையொட்டி வெளியான ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் தனி செல்ஃப் மோட்டாரே இல்லை. கரண்ட் உண்டாக்கும் அந்தக் காயிலும் மேக்னட்டுமே ஆரம்பத்தில் மோட்டாராக வேலை செய்து இன்ஜினைச் சப்தமில்லாமல் கிளப்பிவிட்டு, பிறகு சார்ஜ் கொடுக்கத் தொடங்குகின்றன. பல்சக்கரமும் ரோலரும் இல்லாத இடத்தில் கரகரப்பும் இல்லை. அது நல்ல வித்தை. அதைக் குறை சொல்ல எனக்கு நியாயம் இல்லை. ஆனால் பல புது மோட்டார் சைக்கிள்களில் கிக்கரையே எடுத்துவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நடுவழியில் பேட்டரி கைவிட்டால் தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வேறு கதியில்லாத வண்டியை, இரவு வேலை முடிந்து தனியாக வீடு திரும்பும் ஒரு பெண்ணிடம் கொடுப்பதற்கு மனம் ஒப்பவில்லை.

என்னிடம் இப்போது வேலை கற்கும் இரண்டு பையன்களும் ஐ.டி.ஐ. படித்தவர்கள், ஸ்கேனரைச் செருகிக் குறியீட்டு எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் பதினைந்து வயதான வண்டிக்குச் செருகுவதற்குத் துவாரம் பெரும்பாலும் கிடையாது. அது தன் குறையைச் சப்தத்தினால்தான் சொல்லும். இந்த ஊரில் காய்கறி விற்பவரும், கொத்தனாரும், கேபிள் ஒயர் இழுக்கும் பையனும் ஓட்டுவது அப்படிப்பட்ட வண்டிகளைத்தான். அவற்றைக் காது கொடுத்துக் கேட்கும் ஆட்கள் இல்லாமல் போனால், சில நூறு ரூபாயில் தீர வேண்டிய குறைக்காக அந்த வண்டிகள் காயலான் கடைக்குப் போய்ச் சேரும்.

ஆகவே, பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செல்ஃப் அரைத்தால் அந்தச் சப்தத்தோடு மறுபடி மறுபடி அமுக்கிப் பார்க்க வேண்டாம். கிக்கர் இருந்தால் அதை மிதித்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மோட்டாரைப் பற்றிப் பேசுவதற்கு முன், பேட்டரியில் மீட்டர் வைத்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். எர்த் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள். எதை மாற்றினாலும், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, இது ஏன் கெட்டது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியை விடுங்கள்.